லிவிங்ஸ்டோனி மீன் மணல்ல சாஞ்சு படுத்தே கிடக்கு, நோயா வேற எதாவதா? (குன்னூர்)

குன்னூர்அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். குன்னூர்ல இருந்து எழுதறேன், யாராவது கொஞ்சம் சீக்கிரம் பதில் சொன்னா நல்லாருக்கும், பையன் சாப்பாட்டுத் தட்டோட தொட்டி முன்னாடியே உக்காந்திருக்கான்.

எங்க வீட்ல நாலடி நீளத் தொட்டி, அகலம் ஒன்றரை அடி உயரம் ஒன்றரை அடி. முதல்ல மோலின்னு சின்ன மீன் மட்டும்தான் வச்சிருந்தோம். பையன் ஆப்பிரிக்கன் சிக்லிட் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னதால சென்னை கொளத்தூர் போனப்ப மூணு லிவிங்ஸ்டோனி வாங்கிட்டு வந்தோம். வெள்ளை உடம்புல திட்டுத் திட்டா காப்பிக்கலர், விரல் நீளம்தான் இருக்கும். கூட எலக்ட்ரிக் எல்லோன்னு மஞ்சக்கலர் சிக்லிட் நாலும் இருக்கு. கடைல மலாவி ஏரி மீன், நல்லா சாப்பிடும், பெருசா வரும்னு மட்டும் சொன்னாங்க.

இப்ப என்னன்னா மூணுல பெருசா இருக்கறது திடீர்னு கீழ இறங்கி மணல்ல ஒரு பக்கமா சாஞ்சு அப்படியே படுத்துக்குது. நீந்தறதில்ல, துடுப்புகூட அசையல. முதல் தடவை பாத்தப்ப செத்துருச்சுன்னே நெனச்சு வலைய எடுத்துட்டேன், வலை தண்ணிக்குள்ள போனதும் எழுந்து ஓடிருச்சு. அப்பறம் மறுபடி அதே மாதிரி. மத்த ரெண்டும் இப்படிப் பண்றதில்ல. தெரிஞ்ச ஒரு கடைல போன் பண்ணிக் கேட்டா "பேலன்ஸ் போயிருச்சு, மருந்து ஊத்துங்க, கல்லுப்பு போடுங்க, இல்லன்னா மத்ததுக்கும் ஒட்டிக்கும்"னு சொல்றாங்க. மருந்து வாங்கி வச்சிருக்கேன், இன்னும் ஊத்தல.

ஹீட்டர் 100 வாட்ஸ் ஒண்ணு இருக்கு. காலைல தெர்மாமீட்டர்ல 20, 21 காட்டுது. தண்ணி எங்களுக்கு எஸ்டேட் ஊத்துல இருந்து வருது, க்ளோரின் கிடையாது. மருந்து ஊத்தலாமா வேண்டாமா?

மேட்டுப்பாளையம்தொட்டி:

அக்கா, மருந்த மூடி அப்படியே அலமாரில வைங்க. நீங்க சொல்றத வச்சுப் பாத்தா உங்க மீன் வேட்டையாடுது, நோய் மாதிரி தெரியல.

நிம்போக்ரோமிஸ் லிவிங்ஸ்டோனியோட தனிக்குணமே இதுதான். மலாவி ஏரில சின்னச் சின்ன சிக்லிட் எல்லாம் செத்த மீன் கிடந்தா அதக் கொத்தித் திங்க வரும். இவன் அந்தப் பழக்கத்தத்தான் பிடிச்சு வச்சிருக்கான். மெதுவா கீழ இறங்கி மணல்ல பக்கவாட்டுல சரிஞ்சு அழுகிப்போன பொணம் மாதிரி கிடப்பான், அந்தக் காப்பிக்கலர் திட்டு எல்லாம் அதுக்குத்தான் உதவுது, தோல் உரிஞ்சு கறுத்துப்போன மீன் மாதிரியே இருக்கும். நிமிஷக்கணக்குல அசையமாட்டான். சின்ன மீன் கிட்ட வந்து மோந்து பாக்கும், சிலது மேலயே கொத்தும், அப்பவும் அசையமாட்டான். வாய்க்கு எட்டற தூரத்துல ஒண்ணு வந்துச்சுன்னா பக்கவாட்டாவே ஒரு பாய்ச்சல், அவ்வளவுதான், முழுங்கிருவான். 1981-ல கென்னத் மெக்கேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் மலாவி ஏரித் தண்ணிக்குள்ளயே போய் இதப் பாத்துப் பதிவு பண்ணிருக்கார். 

தொட்டில வளக்கற எல்லாருக்கும் இது பாக்கக் கிடைக்காது அக்கா, வயிறு நிறைய பெல்லெட் கிடைக்கறப்ப பல மீனுங்க இந்த வேலையே பண்றதில்ல. பையன்கிட்ட சொல்லுங்க, அவன் பாத்துட்டு இருக்கறது ஆப்பிரிக்கால ஏரிக்கு அடில நடக்கற விஷயம்.

ஆனாலும் உறுதி பண்ணிக்கணும். எனக்கு மூணு விஷயம் சொல்லுங்க. படுத்திருக்கறப்ப செவுள் நிதானமா அசையுதா இல்ல பட பட பட்டுன்னு அடிக்குதா. திட்டு எல்லாம் பளிச்சுனு இருக்கா இல்ல உடம்பு மொத்தமா கறுத்து மங்கிருக்கா. தீனி போட்டா எழுந்து வருதா. இன்னொண்ணு, உங்க மோலி எண்ணிக்கை சரியா இருக்கா?

கோத்தகிரிகாரன்:

மேல சொன்னது சரிதான், அந்தக் குணம் உண்மை, ஆனா 20 டிகிரின்னு படிச்சதும் எனக்கு மனசு கேக்கல அக்கா. அவசரப்பட்டு "வேட்டைதான், கவலப்படாதீங்க"ன்னு விட்டுட முடியாது. மலாவி ஏரில மேல்தண்ணி வருஷம் பூரா ஏறக்குறைய 23-ல இருந்து 28 வரைக்கும்தான் போகும். நம்ம ஊர் மார்கழில ராத்திரி ரூமே 10, 12-க்கு எறங்கிருது. இந்த மீனுக்கு 20 டிகிரில செரிமானம் மந்தமாகும், எதிர்ப்பு சக்தி குறையும், வெள்ளைப்புள்ளி நோய் ஈஸியா வந்து ஒட்டும். குளிர் பட்ட மீனும் அடில போய்ப் படுக்கும். அதனால இது வேட்டையா குளிரான்னு பிரிச்சுப் பாக்கறவரைக்கும் ரெண்டையும் மனசுல வைங்க.

எப்படிப் பிரிக்கறதுன்னா, குளிர்ல வாடின மீன் துடுப்ப உடம்போட ஒட்டி மடக்கி வச்சுக்கும், மூலைல போய் ஒளியும், தீனியக் கண்டுக்காது, மத்த மீன் வந்தா விலகிப் போகும். வேட்டைக்குப் படுக்கறவன் நடு மணல்ல, மத்த மீன் நடமாடற வழில படுப்பான். கண்ண மட்டும் கவனிங்க, உருண்டுகிட்டே இருக்கும், போற வர்ற மீன அந்தக் கண்ணு பின்தொடரும். கண்ணாடிக்குக் கிட்ட மூஞ்சிய வச்சு அசையாம கொஞ்ச நேரம் பாத்தா தெரிஞ்சுரும்.

100 வாட்ஸ் ஹீட்டர் இந்தத் தொட்டிக்குப் பத்தவே பத்தாது. நாலுக்கு ஒன்றரைக்கு ஒன்றரைன்னா 250 லிட்டர் கிட்ட வரும். கீழ கோயம்புத்தூர்ல லிட்டருக்கு ஒரு வாட்ஸ் கணக்கு ஒத்துவரும், ஏன்னா அங்க ரூமுக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் அஞ்சாறு டிகிரிதான். நமக்கு 14, 15 டிகிரி ஏத்தணும். 200 வாட்ஸ் ரெண்டு வாங்கி ரெண்டு மூலைலயும் வைங்க, ஒரே பெரிய ஹீட்டர் வேண்டாம், ஒண்ணு ரிப்பேர் ஆனாலும் இன்னொண்ணு மீனக் காப்பாத்தும், ஒண்ணு ஆஃப் ஆகாம மாட்டிக்கிட்டாலும் தண்ணி கொதிச்சுப் போகாது. தொட்டிக்குப் பின்பக்கமும் ரெண்டு சைடும் அடியிலயும் ஒரு இஞ்ச் தெர்மகோல் ஒட்டுங்க, மேல கண்ணாடி மூடி போடுங்க, சூடு நெறய மேல்வழியாத்தான் போகுது. ஆனா ஒரே ராத்திரில 26-க்கு ஏத்திடாதீங்க, ஒரு நாளைக்கு ரெண்டு டிகிரின்னு பொறுமையா போங்க.

கரண்ட் போறது நம்ம பக்கம் பெரிய தொல்லை, ஐப்பசி கார்த்திகை மழைல மரம் சாஞ்சா எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வீட்டு இன்வெர்ட்டர்ல ஹீட்டர் மாட்டினா பேட்டரி சீக்கிரம் தீந்துரும், அதுல ஏர் பம்ப் மட்டும் ஓடட்டும். தொட்டிய கம்பளியால சுத்திக் கட்டிருங்க. பாட்டில்ல வெந்நீர் ஊத்தி மூடி மிதக்க விட்டா கொஞ்சம் தாங்கும், அப்படி விடறப்ப பாட்டில் அளவு தண்ணிய முன்னாடியே எடுத்துருங்க இல்லன்னா வழியும். அந்த நேரத்துல தீனி போடாதீங்க.

குன்னூர்அக்கா:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி தம்பி. இப்பத்தான் ரூம் லைட்ட அணைச்சுட்டு பையனும் நானும் உக்காந்து பாத்தோம். செவுள் மெதுவாத்தான் அசையுது. திட்டு நல்லா பளிச்சுனு இருக்கு, இன்னும் சொல்லப்போனா படுத்திருக்கறப்பத்தான் இன்னும் கருப்பா தெரியுது. கண்ணு உருளுதுன்னு சொன்னீங்களே, அது அப்படியே உண்மை, ஒரு எலக்ட்ரிக் எல்லோ மேல போனப்ப கண்ணு கூடவே போச்சு! தீனி போட்டதும் முதல்ல வந்தது அதுதான்.

மோலி எண்ணிப் பாத்தேன். சின்னதுல மூணு காணோம். ஃபில்டர்ல மாட்டிருக்குமோன்னு கழட்டிப் பாத்தேன், இல்ல. இப்பத்தான் விளங்குது.

மிச்ச மோலிய உடனே வேற சின்னத் தொட்டிக்கு மாத்திட்டேன். ஹீட்டர் நாளைக்கு வாங்கிருவேன். தண்ணில வேற எதாவது பாக்கணுமா?

கொடைக்கானல்ஏரிக்கரை:

தண்ணி விஷயத்துக்கு நான் சொல்றேன், ஏன்னா பழனி மலைலயும் உங்க பக்கம் இருக்கற அதே கதைதான். நம்ம ரெண்டு மலைலயும் அடிப்பாறை பெரும்பாலும் சார்னோக்கைட்னு ஒரு கெட்டிப் பாறை, அதுல சுண்ணாம்பு ரொம்பக் கரையாது, மேல மழை வேற அதிகம், அதனால ஊத்துத் தண்ணி குடிக்க அருமையா இருக்கும் ஆனா உப்பு சத்தே இருக்காது. மலாவி ஏரி பிஎச் 7.8-ல இருந்து 8.6 வரைக்கும் போகுது, கேஎச், அதாவது பிஎச் இறங்காம தாங்கிப் பிடிக்கற கார்பனேட் அளவு, ஆறு ஏழு கிட்ட இருக்கும். நம்ம ஊத்துத் தண்ணில கேஎச் ஒண்ணு ரெண்டுகூட வராம இருக்கலாம். கேஎச் இல்லாத தண்ணில மீன் கழிவு சேர சேர பிஎச் திடீர்னு இறங்கிரும், அப்ப ஃபில்டர்ல இருக்கற பாக்டீரியாவும் வேலைய நிறுத்திரும். முதல்ல சொட்டு மருந்து டெஸ்ட் கிட் வாங்கி பிஎச், கேஎச், அம்மோனியா மூணும் பாருங்க. காகிதப் பட்டை டெஸ்ட்ட நம்பாதீங்க.

குறைவா இருந்தா சமையல் கட்டுல இருக்கற ஆப்ப சோடாவே போதும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டா கேஎச் ஏறக்குறைய ஒண்ணு ஏறும். உங்க 250 லிட்டருக்கு ஒரு தடவைக்கு ஏழெட்டு கிராம், தனியா ஒரு மக்குல கரைச்சு ஃபில்டர் தண்ணி விழற இடத்துல கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல ஏத்தாதீங்க. ஒரு முக்கியமான விஷயம், சோடா போடறதுக்கு முன்னாடி அம்மோனியா பாத்துருங்க. பிஎச் கம்மியா இருக்கறப்ப அம்மோனியா பெருசா கெடுதல் பண்ணாத வடிவத்துல கிடக்கும், பிஎச் ஏறினதும் அதே அம்மோனியா விஷமா மாறும். அதனால அம்மோனியா காட்டுச்சுன்னா முதல்ல தண்ணி மாத்துங்க, அப்பறம் சோடா. நெறய பேர் இந்த வரிசைய மாத்திப் பண்ணிட்டு மீன் சுருண்டதும் சோடாவத் திட்டறாங்க.

நிலையா இருக்கறதுக்கு ஃபில்டருக்குள்ள ஒரு சின்ன வலைப்பைல கிளிஞ்சல் போட்டு வைங்க, நல்லா கழுவிட்டு. பவளப்பாறைத் துண்டு யாராவது குடுத்தா வாங்காதீங்க, அது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது, நம்ம தொட்டிக்காக மன்னார் வளைகுடாவ உடைக்க வேண்டாம். கிளிஞ்சலே அந்த வேலைய செய்யும்.

இன்னொண்ணு, இத மலைல மீன் வளக்கற யாரும் யோசிக்கறதில்ல, எனக்கு ரொம்ப நாளா சொல்லணும்னு ஆசை. காத்து! கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம், குன்னூர் 1850 மீட்டர் கிட்ட. இங்க காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல நூத்துக்கு எண்பது பங்குதான். நம்ம வீட்ல குக்கர் இல்லாம பருப்பு வேகமாட்டேங்குதே, அதுக்கும் இதுதான் காரணம். அழுத்தம் குறைஞ்சா தண்ணில கரையற ஆக்ஸிஜனும் அதே அளவு குறையும். 26 டிகிரி தண்ணில சென்னைல லிட்டருக்கு 8 மில்லிகிராம் வரைக்கும் கரையும், குன்னூர்ல ஆறரைதான். மலாவி ஏரியே கடல்மட்டத்துல இருந்து 470 மீட்டர் உயரத்துலதான் இருக்கு, அந்த மீனுக்கு நம்ம உயரம் பழக்கமே கிடையாது. ஆறரை இருந்தா மீன் நல்லாவே வாழும், பயப்பட வேண்டாம், ஆனா கீழ இருக்கறவங்களுக்கு இருக்கற அளவு நமக்கு இடம் இல்ல. நெறய மீன் அடைச்சு ராத்திரி பம்ப் நின்னுச்சுன்னா விடியறதுக்குள்ள மூச்சுத் திணற ஆரம்பிச்சுரும். அதனால ஹீட்டர் எவ்வளவு முக்கியமோ ஏர் பம்பும் அவ்வளவு முக்கியம். மேல்தண்ணி நல்லா கலங்கற மாதிரி ஃபில்டர் வாய திருப்பி வைங்க. 28 வரைக்கும் ஏத்தாதீங்க, 25 போதும், தண்ணி சூடு ஏற ஏற ஆக்ஸிஜன் இன்னும் குறையும்.

தண்ணி மாத்தறப்ப குழாய்ல வர்றது 12, 13 டிகிரில இருக்கும், அத அப்படியே ஊத்தினா மீனுக்கு அதிர்ச்சி. வெந்நீர் கலந்து, தெர்மாமீட்டர் வச்சுப் பாத்து, அதே சூட்டுக்குக் கொண்டுவந்துட்டு ஊத்துங்க. கை வச்சுப் பாத்து ஊத்தாதீங்க, குளிர்ல விறைச்ச கைக்கு எல்லாமே சூடாத்தான் தெரியும்.

குன்னூர்அக்கா:

அண்ணா இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல, எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டேன். காத்து விஷயம் எனக்குச் சுத்தமா புதுசு.

கடைசியா ஒண்ணு. இது எவ்வளவு பெருசா வளரும்? வீட்ல அவர் இப்பவே சொல்றாரு, பெருசாயிட்டா ஓடைல விட்டுரலாம், ஊட்டி ஏரில கொண்டு போய் விடலாம்னு. அங்க ஏற்கெனவே வெளிநாட்டு மீன் எல்லாம் இருக்குதானே, ஒண்ணு ரெண்டு விட்டா என்ன ஆகிரப்போகுதுங்கறாரு.

மேட்டுப்பாளையம்தொட்டி:

ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவா, 25 சென்டிமீட்டர் வரைக்கும் வரும் அக்கா. ஆண் பெருசாகி தலைவனானா திட்டு எல்லாம் மங்கி உடம்பு நீலமா மாறும், அப்ப பாத்தா அதே மீனான்னு இருக்கும். நாலடித் தொட்டில இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம், பெருசானதும் ஆறடி வேணும். ஒரு ஆணுக்கு மூணு பொண்ணு இருந்தாத்தான் பொண்ணுங்க நிம்மதியா இருக்கும், இல்லன்னா ஆண் ஒண்ணையே துரத்தித் துரத்திக் கொன்னுரும். பொண்ணு முட்டைய வாய்க்குள்ளயே வச்சு மூணு வாரம் கிட்ட அடைகாக்கும், அதுவரைக்கும் பெருசா எதுவும் திங்காது, தாடை உப்பிருந்தா நோய்னு நெனச்சுப் பிடிச்சுராதீங்க. எலக்ட்ரிக் எல்லோ இப்ப பொருந்தும், அவன் வாய் பெருசானா அதுவும் தீனிதான். வாய்ல நுழையறது எதுவும் கூட இருக்கக் கூடாது.

தீனிக்கு நல்ல பெல்லெட், நடுவுல தோல் உரிச்ச இறால் துண்டு. ஆட்டு ஈரல், கோழிக்கறி எல்லாம் வேண்டாம், அந்தக் கொழுப்பு இதுக்குச் செரிக்காது, வயிறு உப்பி செத்துப்போகும். உயிர் மீன் வாங்கிப் போடறதும் வேண்டாம், அதுகூட நோயும் சேந்து வரும். வேட்டையாடறதப் பாக்கப் பையனுக்கு ஆசை இருந்தா பெல்லெட்ட மணல்ல அங்கங்க போட்டுப் பாக்கச் சொல்லுங்க, தேடித் திரியறதும் நல்லா இருக்கும்.

ஓடைல விடறது மட்டும் வேண்டாம் அக்கா, அண்ணன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஊட்டி ஏரில விட்டா குளிர்லயே விறைச்சு சாகும், அது ஒரு கொடுமை. குன்னூர் ஓடைல விட்டா கதை வேற. அந்தத் தண்ணி கீழ இறங்கி எங்க ஊர்கிட்ட பவானில வந்து சேருது, அங்க தண்ணி சூடா இருக்கும், பவானிசாகர் வேற பக்கத்துல. பொழைச்சுக்கிட்டா அங்க இருக்கற சின்ன மீனுக்கு இப்படி ஒரு ஏமாத்துக்காரன யாருன்னே தெரியாது. பவானியும் மோயாறும் உலகத்துல வேற எங்கயும் இல்லாத மீனுங்க இருக்கற ஆறு, அந்தப் பெரிய திமில் மகசீர் மோயாத்துலயும் காவேரி பக்கத்துலயும்தான் மிச்சம் இருக்கு. ஏற்கெனவே 1952-ல நம்ம நாட்டுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன் ஜிலேபி நம்ம குளம் குட்டை எல்லாம் நிறைஞ்சு போச்சு, அதுவும் சிக்லிட் குடும்பம்தான். கண்ணாடில ஒட்டிக்கிட்டு பாசி திங்கற டேங்க் க்ளீனர் மீன் வீட்டுத் தொட்டில இருந்துதான் ஆத்துக்குப் போச்சு. ஆப்பிரிக்காலயே விக்டோரியா ஏரில 1950-கள்ல நைல் பெர்ச்சக் கொண்டுவந்து விட்டாங்க, அந்த ஏரில மட்டுமே இருந்த சின்ன சிக்லிட் இனங்கள் நூத்துக்கணக்குல அழிஞ்சு போச்சு. ஒண்ணு ரெண்டுதானேன்னு விட்டாலும் அப்படி ஆகிரலாம்.

பெருசானதும் இடம் பத்தலன்னா எனக்கு இங்கயே தனி மெசேஜ் பண்ணுங்க. என்கிட்ட ஆறடித் தொட்டி இருக்கு, நானே மேல வந்து வாங்கிக்கறேன். பையன் லீவுக்குக் கீழ வந்தா பாத்துக்கலாம்.

கோத்தகிரிகாரன்:

ஹீட்டர் மாட்டறப்ப ரெண்டு விஷயம் அக்கா. தண்ணிக்குள்ள முழுசா முங்கின பிறகுதான் சுவிட்ச் போடணும், தண்ணி மாத்தறப்ப ப்ளக்க கழட்டி கால் மணி நேரம் ஆறவிட்டு அப்பறம் தண்ணி எடுங்க, சூடான கண்ணாடி வெளில வந்தா வெடிச்சுரும். அப்பறம் ஒயர் தொட்டில இருந்து கீழ தொங்கி வளைஞ்சு மேல ஏறி சாக்கெட்டுக்குப் போற மாதிரி விடுங்க, அப்பத்தான் ஒயர் வழியா வழியற தண்ணி சாக்கெட்டுக்குள்ள போகாது. பையன் கை விடறதா இருந்தா மெயின் சுவிட்ச அணைச்சுட்டுத்தான் விடணும்னு கண்டிப்பா சொல்லிருங்க.